நடுவில் கறுப்பாகத் தெரிவது கருந்துளை அல்ல, தூசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பால்வீதியின் வண்ணப் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படம் அருமை. கீழே இருந்த ஒற்றை வரிதான் என்னை எழுத வைத்தது. நம் விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளைதான் அந்தக் கறுப்பு என்று போட்டிருந்தீர்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதை வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டாள். ஒட்டி முடித்த கையோடு வந்து கேட்டாள்: "தாத்தா, கருந்துளை இத்தனை பெருசா? வானத்துல பாதியும் அதேதானா?"

நியாயமான கேள்வி. அந்தக் கருந்துளையின் நிழலை உலகம் முழுவதும் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்துத்தான் படமாக்கினார்கள். 2022 மே மாதம் அந்தப் படம் வெளியானது. இங்கிருந்து பார்த்தால் அதன் அளவு, நிலாவின் மேல் வைத்த ஒரு மெதுவடையின் அளவு. உங்கள் படத்தில் அதற்கு ஒரு புள்ளிகூடத் தேறாது. நீங்கள் போட்டிருந்த படத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கிழிந்த கறுப்புத் துணி மாதிரி ஓடுவது தூசி. விண்மீன்களுக்கு இடையே மிதக்கிற, சிகரெட் புகை அளவுக்கு நுண்ணிய தூசி. அதற்குப் பின்னால் கோடிக்கணக்கான விண்மீன்கள் எரிந்துகொண்டிருக்கின்றன. அது மறைக்கிறது, அதனால் கறுப்பாகத் தெரிகிறது.

நான் விஞ்ஞானி இல்லை. வாணியம்பாடியில் முப்பது வருடத்துக்கு மேல் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். செல்போன் வந்து தொழில் படுத்த பிறகு ஆலங்காயத்தில் மகன் வீட்டோடு இருக்கிறேன். தூசியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவன் என்ற முறையில் இதில் எனக்கு ஒரு பேச்சு உண்டு. நெகட்டிவை என்லார்ஜரில், அதாவது படத்தைப் பெரிதாக்கும் கருவியில், போடும் முன் ஒட்டக ரோம பிரஷ்ஷால் துடைப்போம், ரப்பர் பந்தை அமுக்கி ஊதுவோம். அப்படியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் ஒட்டியிருக்கும். பேப்பரை டெவலப்பரில் அலசும்போது கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி எழும்பி வரும். துகள் வெளிச்சத்தை மறித்த இடம் அது. பிறகு நுனி பிரஷ்ஷில் மையைத் தொட்டு டச்சிங் செய்து அந்தப் புள்ளியை மூட வேண்டும். வெளிச்சம் வராத இடத்தைப் பார்த்தால் அங்கே எதுவும் இல்லை என்று நினைக்கக் கூடாது, குறுக்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டுடியோவில் சேரும் பையனுக்கு நாங்கள் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

எங்கள் ஊர்ப்பக்கம் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வு நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். மலையில் வேலை பார்த்த ஒருவர் எண்பதுகளில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தார். பேச்சுவாக்கில், வானத்தை நெகட்டிவாகவே பார்ப்பதுதான் அவர்களுக்கு வசதி என்றார். அடுத்த முறை வரும்போது ஒரு படம் கொண்டுவந்து காட்டினார். கீழிருந்து விளக்குப் போடும் என் டச்சிங் மேஜையின் மேல் அதை விரித்தோம். வெளிர்ந்த பரப்பில் மிளகுப் பொடி தூவினாற்போல விண்மீன்கள் கறுப்பாக இருந்தன. நடுவே ஓரிடத்தில் பொடியே இல்லை, வழித்துவிட்டாற்போல இருந்தது. "நட்சத்திரம் இல்லாத இடமா?" என்றேன். "இருக்கு. தூசி மறைச்சிருக்கு" என்றார். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எது கிடைத்தாலும் படித்துவருகிறேன்.

அது ஓட்டை என்று நினைத்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் 1780களில் விருச்சிகத்தின் பக்கம் விண்மீனே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து, வானத்தில் விழுந்த திறப்பு என்றே எடுத்துக்கொண்டார். அதை மாற்றியதில் பெரும் பங்கு, என் போலவே ஸ்டுடியோவில் வளர்ந்த ஒருவருக்கு. எட்வர்ட் எமர்சன் பர்னார்ட், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக்காரர். பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் கஷ்டம். ஒன்பது வயதுகூட நிறையாத பிள்ளையை ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலைக்கு விட்டார்கள். அந்தக் காலத்து என்லார்ஜருக்கு மின்விளக்கு கிடையாது, சூரியன்தான் விளக்கு. சூரியன் நகர நகர அந்தப் பெரிய கருவியை அதன் பக்கமே திருப்பிக்கொண்டிருப்பதுதான் பையனின் வேலை. பகலெல்லாம் சூரியனைப் பின்தொடர்ந்த பையன், வளர்ந்த பிறகு ராத்திரியெல்லாம் விண்மீன்களைப் பின்தொடர்ந்து மணிக்கணக்கில் எக்ஸ்போஷர் கொடுத்துப் பால்வீதியைப் படம் பிடித்தார்.

அவரும் முதலில் அந்தக் கறுப்புகளை ஓட்டை என்றே நினைத்தார். 1913 கோடையில் நிலா இல்லாத ஒரு ராத்திரி, தனுசு ராசிப் பக்கத்து விண்மீன் கூட்டத்தின் மேல் சின்னச் சின்ன மேகங்கள் மிதந்து போவதைப் பார்த்தார். நம் பூமியின் சாதாரண மேகங்கள்தான். பால்வீதியின் வெளிச்சத்துக்கு முன்னால் அவை மைத்துளி மாதிரி கன்னங்கரேலென்று இருந்தன. தன் படங்களில் உள்ள கறுப்புகளும் இப்படித்தானே இருக்கின்றன என்ற எண்ணம் அவருக்குள் ஊன்றியது. 1919ல் இப்படிப்பட்ட 182 கறுப்பு இடங்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். தன் படங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கும்போது அச்சு இயந்திரத்தை நம்பவில்லை. 700 பிரதிகள், ஒவ்வொன்றிலும் ஐம்பத்தொரு அசல் போட்டோ பிரிண்ட். ஆக 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்களையும் தானே கையில் எடுத்துப் பார்த்து, சரியில்லாததைக் கழித்தார். 1923ல் இறந்துவிட்டார், புத்தகம் 1927ல்தான் வந்தது. இருட்டுக்குள் இருக்கும் சாயல் அச்சில் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. டார்க்ரூமில் நின்றவனுக்குத்தான் அந்த உழைப்பு புரியும்.

1930ல் அமெரிக்காவின் லிக் வானாய்வு நிலையத்தின் ராபர்ட் டிரம்ப்ளர், தொலைவில் உள்ள விண்மீன் கொத்துகள் அவற்றின் அளவுக்கு இருக்க வேண்டிய வெளிச்சத்தைவிட மங்கலாக இருப்பதைக் காட்டி, கறுப்புத் திட்டுகளில் மட்டுமல்லாமல் வழியெங்கும் தூசி பரவியிருப்பதை நிரூபித்தார். அத்தோடு வாதம் முடிந்தது. ஆனால் பால்வீதியின் மையம் எப்படி இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியவில்லை. இங்கிருந்து அது சுமார் 26,700 ஒளியாண்டு. தூரம் ஒரு தடை என்றால் தூசி பெரிய தடை. மையத்திலிருந்து புறப்படும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மை வந்து சேர்கிறது.

அந்தத் திரையை எப்படித் தாண்டினார்கள் என்பது என் தொழில்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். வாணியம்பாடியிலிருந்து ஏலகிரியைப் படம் எடுத்தால் பல நாள் மலையே விழாது, வெளுத்த வானம்தான் விழும். கறுப்பு வெள்ளை ஃபில்ம் போட்டு, லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டரைத் திருகிவிட்டு எடுத்துப் பாருங்கள். பாறை, சரிவு, மடிப்பு எல்லாம் கோடு போட்டாற்போல வந்து நிற்கும். காற்றில் உள்ள மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். சிவப்பு தப்பி வந்துவிடும். சாயங்காலச் சூரியன் சிவப்பதும் இதனால்தான். விண்மீன் தூசியும் அப்படியே. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போனால் திரை இன்னும் மெலியும். 2.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் பார்த்தால், லட்சம் கோடியில் ஒன்று வந்த இடத்தில் பத்தில் ஒன்று வருகிறது.

1966ல் எரிக் பெக்ளின் என்ற ஆராய்ச்சி மாணவர் மவுண்ட் வில்சன் மலையில் வெறும் 24 அங்குலத் தொலைநோக்கியை வைத்து, இந்த 2.2 மைக்ரானில் தனுசு ராசியைக் கோடு கோடாக வருடிப் பார்த்தார். மையம் வந்ததும், வெளிச்சத்தின் அளவைக் கோடாக வரையும் சார்ட் பேப்பரில் பேனா மேலே ஏறியது. மனிதன் பால்வீதியின் மையத்து விண்மீன்களின் வெளிச்சத்தைப் பிடித்த முதல் தருணம் அது. அவரும் அவருடைய வழிகாட்டி ஜெர்ரி நியூகெபாவரும் 1968ல் அதை வெளியிட்டார்கள். அதே வழியில் போய்த்தான், மையத்தைச் சுற்றும் ஒரு விண்மீன் 16 வருடத்துக்கு ஒரு சுற்று வருவதைக் கண்காணித்து, உள்ளே 40 லட்சம் சூரியன்களின் எடை ஒடுங்கியிருப்பதைக் கண்டார்கள். அதற்காக ரெய்ன்ஹார்ட் கென்ஸலுக்கும் ஆன்ட்ரியா கேஸுக்கும் 2020ல் நோபல் கிடைத்தது. கருந்துளையைப் பற்றி எழுதும்போது இந்தத் தூசியையும் எழுத வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். தூசி எவ்வளவு விழுங்கியது என்ற கணக்குச் சரியாக இல்லாவிட்டால் அங்குள்ள எந்த விண்மீனின் உண்மையான வெளிச்சமும் நிறமும் தெரியாது.

அந்தக் கணக்குக்குத்தான் தூசி வரைபடம். எப்படி வரைகிறார்கள் என்று பேத்திக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போகி அன்று விடியற்காலையில் எங்கள் தெருவில் புகை மண்டியிருக்கும். தெருவிளக்குகள் எல்லாம் ஒரே பல்பு. ஆனால் பக்கத்து விளக்கு வெள்ளையாக எரியும், தெருமுனை விளக்கு மங்கிச் சிவந்திருக்கும். பல்பு ஒன்றுதான் என்று தெரிந்தால், எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதை வைத்து நடுவில் எவ்வளவு புகை என்று சொல்லிவிடலாம். வானத்திலும் அப்படி ஒரே பல்பு மாதிரி விண்மீன்கள் உண்டு. வயதான, ஹீலியத்தை எரிக்கும் செந்நிற விண்மீன்கள். அவற்றின் வெளிச்சமும் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. மையத்தின் பக்கம் அவை ஏராளம். ஒவ்வொன்றும் இயல்பான நிறத்தைவிட எவ்வளவு கூடுதலாகச் சிவந்திருக்கிறது என்று அளந்தால், அந்தத் திசையில் உள்ள தூசியின் அளவு கிடைக்கும். சிலி நாட்டின் பரனால் மலையில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியால் இப்படி மையப் பகுதியில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை மூன்று அகச்சிவப்பு நிறங்களில் அளந்திருக்கிறார்கள். தூசி சமமாகப் பரவவில்லை. ஒரு விண்மீனுக்கும் அதை ஒட்டியுள்ள அடுத்த விண்மீனுக்கும் நடுவிலேயே திரையின் கனம் மாறுகிறது. நம் பார்வையை மறைக்கும் தூசியில் பெரும்பகுதி மையத்திலேயே இல்லை, வழியில் உள்ள சுருள் கைகளில் கிடக்கிறது என்பதும் இதில் தெரிகிறது.

சிவப்பை வைத்து அளப்பதில் ஒரு குறை உண்டு. விண்மீனுக்கு முன்னால் உள்ள தூசிதான் அகப்படும், பின்னால் உள்ளது அகப்படாது. அதற்கு வேறு வழி. தூசிக்கும் கொஞ்சம் சூடு உண்டு. அந்தச் சூட்டுக்கு அது நீண்ட அலைநீளத்தில் தானே ஒளிர்கிறது. 2009ல் ஐரோப்பியர்கள் அனுப்பிய விண் தொலைநோக்கி, 3.5 மீட்டர் கண்ணாடியோடு, 70 முதல் 500 மைக்ரான் வரை அந்த ஒளியைப் படம் பிடித்தது. உங்கள் படத்தில் கறுப்பாக இருக்கும் இடங்கள் அந்தப் படத்தில் தகதகவென்று எரிகின்றன. என் காலத்து மொழியில் சொன்னால், நெகட்டிவுக்குப் பாசிட்டிவ் கிடைத்துவிட்டது. 2011ல் அதில் ஒரு வளையம் துலங்கியது. 600 ஒளியாண்டுக்கு மேல் அகலம், முறுக்கிய கயிறு மாதிரி, பக்கவாட்டில் படுத்த எட்டு போன்ற வடிவம். அந்த வளையத்துத் தூசியின் வெப்பநிலை மைனஸ் 258 டிகிரி செல்சியஸ். அந்தத் தொலைநோக்கிக்கு வைத்த பெயர் ஹெர்ஷல். 1800ல் வானவில் நிறங்களின் சிவப்பு ஓரத்துக்கு அப்பால் தெர்மாமீட்டரை வைத்து அகச்சிவப்பைக் கண்டுபிடித்தவரும் அதே ஹெர்ஷல்தான். வானத்தில் திறப்பு என்று அவர் நினைத்த இடங்களில் இருப்பதை, அவரே கண்டுபிடித்த ஒளியில் பார்த்திருக்கிறார்கள்.

இந்த வழியில் நம் நாட்டுக்காரர்களும் உழைத்திருக்கிறார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஹைதராபாத்திலிருந்து ராட்சத பலூனில் ஒரு மீட்டர் தொலைநோக்கியைத் தொங்கவிட்டு, 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, விண்மீன் பிறக்கும் பகுதிகளின் குளிர்ந்த தூசியை வரைபடமாக்கினார்கள். கீழே காற்றில் உள்ள நீராவி அந்த ஒளியை விடாது, அதனால்தான் அவ்வளவு உயரம். அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும் இதற்காக ஒரு ஜம்போ விமானத்தின் பக்கவாட்டில் கதவு வெட்டித் தொலைநோக்கி வைத்துப் பறந்தார்கள். 2022 செப்டம்பரில் நிறுத்தப்பட்ட அந்த விமானம் 214 மைக்ரானில் மையப் பகுதி முழுவதையும் வருடி, தூசித் துகள்கள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்றுகூட அளந்தது. காந்தத்துக்கு முன் இரும்புத் தூள் வரிசை கட்டுவதுபோல அவையும் காந்தப்புலத்தைப் பார்த்து வரிசை கட்டும். ஆக, தூசி வரைபடமே காந்த வரைபடமும் ஆகிறது.

மையத்தில் 'செங்கல்' என்றே பெயர் வைத்த ஒரு மேகம் இருக்கிறது. சூரியனைப் போல ஒரு லட்சம் மடங்கு எடை. அகச்சிவப்புக்குக்கூட இடம் கொடுக்காத அடர்த்தி. இத்தனை அடர்த்தி இருந்தால் உள்ளே விண்மீன்கள் குவியல் குவியலாகப் பிறந்துகொண்டிருக்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அங்கே கார்பன் மோனாக்சைடு பனியாக உறைந்து துகள்களின் மேல் படிந்திருப்பதைக் காட்டியது. ஏன் பிறக்கவில்லை என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது. இதை எழுதியிருந்தால் எத்தனை பிள்ளைகள் வாய் பிளந்து படித்திருப்பார்கள், ஐயா.

நாம் இருட்டைப் பார்க்கப் பழகவில்லை. ஆஸ்திரேலியாவின் பழங்குடியினர் பால்வீதியின் இந்தக் கறுப்புப் பட்டையில் ஒரு ஈமு பறவையைப் பார்க்கிறார்கள். ஆண்டிஸ் மலை மக்கள் தாய் லாமாவையும் அதன் குட்டியையும் பார்க்கிறார்கள். வெளிச்சப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்து உருவம் கண்டவர்கள் நாம். அவர்கள் இருட்டுக்கே உருவம் கண்டு பெயர் வைத்தவர்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் நேரில் பார்க்க நமக்கு நல்ல இடம் வாய்த்திருக்கிறது. லண்டனில் பால்வீதியின் மையம் அடிவானத்துக்கு மேல் பத்து டிகிரிகூட ஏறாது, வீட்டுக் கூரையிலேயே மறைந்துவிடும். எங்கள் ஜவ்வாது மலையில் 48 டிகிரிக்கு ஏறும். ஆடி அமாவாசையை ஒட்டி ராத்திரி ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள். தேளின் கொடுக்கு, அதாவது மூல நட்சத்திரம், அதற்குச் சற்று மேலே, கொஞ்சம் கிழக்கே தள்ளித்தான் மையம். ஆடியில் மேகம் தொல்லை செய்யும், ஒரு மணி நேரம் விலகினாலும் போதும். தெருவிளக்கு கண்ணில் படாத இடமாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் எல்இடி விளக்கு வந்த பிறகு மொட்டைமாடியிலிருந்து தெரிவதில்லை. பேத்தியை வண்டியில் உட்காரவைத்து மலைப்பாதையில் மூன்று கிலோமீட்டர் ஏறிப்போய்த்தான் காட்டினேன். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் சும்மா நின்றோம். பிறகு அவளே விரலை நீட்டி, "அதோ, அந்த வெள்ளை ரெண்டா பிரிஞ்சு போகுதே, நடுவுல இருக்கறது தூசியா தாத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். செல்போனில் படம் எடுக்க முயன்றாள், சரியாக வரவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, உங்கள் வரியின் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். புது வரி எழுதவில்லை. பத்திரிகையில் திருத்தம் வரட்டும், பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்கிறாள்.

ஆகவே அடுத்த ஞாயிறு இதழில் அந்தப் படத்தை மீண்டும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் கறுப்பை இன்னும் கறுப்பாக்காமல், அதற்குள் இருக்கும் பழுப்புச் சாயல் தெரியும்படி அச்சிடச் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே இப்படிப் போடலாம்: "பால்வீதியின் மையத் திசை. கறுப்புப் பட்டைகள், நமக்கும் மையத்துக்கும் நடுவே உள்ள விண்மீன் தூசி. அதற்குப் பின்னால் விண்மீன்கள் உள்ளன."

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆலங்காயம், திருப்பத்தூர் மாவட்டம்.